இருபதுக்கு இருபது

சிங்கப்பூரில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் யாருக்கும் முழு மதிப்பெண் போடுவதில்லை என்று ஒரு பழக்கம் வைத்திருந்தேன். இருபதுக்குப் பத்தொன்பது வரை போவேன். மிச்சம் ஒன்றைக் கையில் வைத்திருந்தால்தான் அடுத்த தடவையும் ஒழுங்காக வந்து உட்காருவார்கள் என்று ஒரு கணக்கு. பதினாறு வருடத்தில் அதை மீறியது ஒரே ஒரு முறை, 2025 ஜூலையில். அந்த இருபதை நினைத்தால் இன்னமும் தொண்டையில் மீன்முள் நிற்கிற மாதிரி இருக்கிறது. எழுதலாமா என்று அந்தப் பிள்ளையிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்றாள், சரி.

மூன்றாம் மாடியில் எங்கள் தமிழ் வகுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. முன்பு பழைய வரைபடங்களையும் உடைந்த மேசைவிசிறிகளையும் போட்டுவைத்த இடம். இப்போது இரண்டு நாற்காலி, ஒரு மடிக்கணினி. குளிர்சாதனத்தைக் குறைக்க யாருக்கும் தெரியாததால் பிள்ளைகள் ஜாக்கெட்டோடுதான் வருவார்கள். அவள் அப்போது உயர்நிலை இரண்டு, எட்டாம் வகுப்பு மாதிரி. திரையில் பயிற்சிக் காணொளி ஓடியது. ஒரு பெண்பிள்ளை, மேசை நிறையப் புத்தகம், சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று, கதவைத் திறந்து எட்டிப்பார்க்கும் அப்பா, பின்னால் சோகமான புல்லாங்குழல். இந்த மாதிரிக் காணொளிக்கு என்ன கேள்வி வரும் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

அவள் தடங்கலே இல்லாமல் பேசினாள். இந்தக் காலத்து மாணவர்களுக்கு மன அழுத்தம் அதிகம் என்றாள். மூன்று காரணம் சொன்னாள், மூன்றுக்கும் தீர்வு சொன்னாள். “பிரச்சினை வந்தா மனசுக்குள்ளேயே பூட்டி வைக்கக் கூடாது, பெத்தவங்ககிட்டயும் ஆசிரியர்கிட்டயும் மனம்விட்டுப் பேசணும்” என்றாள். “நீ யாரிடம் பேசுவாய்?” என்று கேட்டேன். “எனக்கு ஏதாச்சும் கஷ்டம்னா என் தமிழாசிரியர்கிட்டதான் முதல்ல சொல்லுவேன். அவங்க என்னை அவங்க பொண்ணு மாதிரி பாத்துக்குவாங்க.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கடைசியில், “சுவர் இருந்தாத்தான் சித்திரம் எழுத முடியும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?” என்று முடித்தாள். பழமொழியும் வந்துவிட்டது, சொந்த அனுபவமும் வந்துவிட்டது. பேசும்போது அவளுடைய வலது கட்டைவிரல் நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து, ஒரு பக்கம் ரத்தம் உறைந்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ‘உச்சரிப்பு’ என்ற கட்டத்தில் சரி போட்டேன். அப்புறம் இருபதுக்கு இருபது. பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வேறு.

“நன்றி ஆசிரியர்” என்று எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்து அவளுடைய படிவ ஆசிரியர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். இடைவேளையில் அவள் கேண்டீனுக்கே வருவதில்லையாம். நூலகத்தில் கடைசி அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். விடிகாலை இரண்டு மணிக்கு மின்னஞ்சலில் வீட்டுப்பாடம் அனுப்புகிறாள். கணிதச் சோதனைத் தாளைப் பெயர் மட்டும் எழுதி வெறுமையாகக் கொடுத்துவிட்டு, கழிப்பறையில் போய் நின்றிருக்கிறாள். பள்ளி ஆலோசகர் இரண்டு முறை பார்த்தாயிற்று, ‘ஓகே’ என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. “உங்கள் வகுப்பு சின்ன வகுப்பு. உங்களிடம் ஏதாவது சொன்னாளா?” என்று கேட்டார்.

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். நான்தான் மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டேன்.

சமத்து

அந்த மாதிரிப் பதிலைச் சொல்லிக்கொடுத்ததும் நானே என்பதுதான் இதில் மோசம். “உங்கள் அனுபவம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆசிரியரையோ பாட்டியையோ உள்ளே கொண்டுவாருங்கள், பழமொழியோடு முடியுங்கள்” என்று வெண்பலகையில் எழுதிப்போட்டவள் நான். 2005-இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுங்கள், பிள்ளைகள் வீட்டில் பேசுகிற மாதிரி இயல்பாகப் பேசட்டும் என்றது. நல்ல முடிவு, இன்றைக்கும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் பேச்சுத்தமிழையும் மனப்பாடம் செய்யலாம் என்பதை அந்தக் குழு எதிர்பார்த்திருக்காது. ‘பேச வேண்டும்’ என்று இருந்ததை ‘பேசணும்’ என்று மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவதாகச் சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு. பத்து வருடத்துக்கு முன்னால் அது 3.3. இந்த எண்களைத் தமிழ் மொழி விழா மேடைகளில் வருத்தத்தோடு சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன். என் வகுப்பில் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்ததில்லை. என்னிடம் வரும் பதினோரு பிள்ளைகள் சிரிப்பது, சண்டை போடுவது, இரவு பன்னிரண்டு மணிக்குத் தோழிக்கு அழுதுகொண்டே செய்தி அனுப்புவது எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ், கேட்டால் நல்ல பதில் சொல்லும் மொழி. விருந்தாளி வந்தால் எடுக்கும் கண்ணாடித் தம்ளர் மாதிரி. ‘மனம்விட்டு’ என்ற சொல்லை அவர்கள் தேர்வறைக்கு வெளியே ஒருமுறைகூடப் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்.

அதோடு இது பெண்கள் பள்ளி. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குப் பெண்கள் பள்ளி என்றால் ஒழுங்கும் அமைதியும்தான் தெரியும். உள்ளே எனக்குப் பிடித்தது வேறு. ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்க, மேடை விளக்கைச் சரிபண்ண, இயற்பியல் சோதனையில் முதலில் கம்பியைத் தொட, ‘பையன்களைக் கூப்பிடு’ என்று சொல்ல அங்கே பையனே கிடையாது. எல்லாம் இவர்களேதான். அந்தத் தைரியத்தைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் அதே பிள்ளைகள்தான் தொண்ணூற்றிரண்டு வாங்கிவிட்டு, பக்கத்து மேசையில் தொண்ணூற்றாறு என்று தெரிந்ததும் தாளை மடித்து உள்ளே வைப்பவர்கள். தோற்றுவிடுவோமோ என்ற பயம் சிங்கப்பூர் மாணவர்களிடம் அதிகம் என்றும், கிட்டத்தட்ட எல்லா நாடுகளிலும் பையன்களைவிடப் பெண்பிள்ளைகளிடமே அது கூடுதல் என்றும், பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் 2018 பிசா ஆய்வு சொன்னது. அதற்கு நம் வீடுகளில் ஒரு செல்லப்பெயர் உண்டு: சமத்து. “எங்க பொண்ணு ரொம்ப சமத்து டீச்சர், ஒரு தொந்தரவும் கிடையாது” என்று பெற்றோர் சந்திப்பில் எத்தனை அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இவளுடைய அம்மாவும் அதையேதான் சொன்னார். தொந்தரவு கொடுக்கும் பிள்ளையை நாலு பேர் கவனிப்பார்கள். நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டுப் போகும் பிள்ளைக்கு நட்சத்திரம் போடுவார்கள்.

பள்ளி ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் படித்த காலத்தில் ஆலோசகர் என்றால் யாரென்றே தெரியாது. இப்போது எல்லாப் பள்ளியிலும் ஆலோசகர் இருக்கிறார், சக மாணவர் ஆதரவுக் குழு இருக்கிறது, குணநலன் பாடத்தில் மனநலம் ஒரு பகுதி. அரையாண்டுத் தேர்வுகளை 2023-க்குள் எல்லா நிலைகளிலும் எடுத்துவிட்டார்கள். 2025 ஜூனில் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் வந்தபோது அதைக் கழிப்பறைக் கதவுகளின் உள்பக்கம் ஒட்டினோம், தனியாக இருக்கும்போது பார்க்கட்டும் என்று. இவள் போய் நின்ற கதவிலும் அது இருந்தது. ஆனால் இத்தனைக்கும் முதல் படியைப் பிள்ளைதான் எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. வாயைத் திறந்து ‘முடியல’ என்று சொல்ல வேண்டும். சமத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்தான் வராது.

நாலே நாலு வேலை

இன்னொன்றும் அந்த வருடம் ஓடிக்கொண்டிருந்தது. உயர்நிலை இரண்டின் பிற்பாதியில் மேல்நிலை வகுப்புகளுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த இவர்கள் புதிய முறையின் முதல் தொகுதி. மதிப்பெண்ணைப் பார்த்துப் பிரிக்கும் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இவர்களுக்குக் கிடையாது, பாடத்துக்குப் பாடம் நிலை மாறும், 2027-இல் எல்லோரும் ஒரே சான்றிதழுக்குத் தேர்வு எழுதுவார்கள். நான் 1990-களில் வழக்கநிலை ஏட்டுக்கல்வியில் படித்தவள். எங்களிடம் யாரும் லட்சியம் பற்றிக் கேட்கவில்லை. ‘பாஸ் பண்ணினால் போதும்’ என்பதுதான் லட்சியம். அதனால் இந்த மாற்றத்தை மனதாரக் கொண்டாடினேன், எல்லாப் பிள்ளைகளிடமும் லட்சியம் கேட்க ஆரம்பித்தேன். ‘என் எதிர்கால லட்சியம்’ என்று கட்டுரை கொடுத்தேன்.

பதினோரு கட்டுரை வந்தது. ஆறு மருத்துவர், இரண்டு வழக்கறிஞர், இரண்டு ஆசிரியர் (எனக்காக எழுதியது என்று சந்தேகம்), ஒரு பொறியாளர். ஆறு மருத்துவர்களும் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கப்போகிறார்கள். இந்த ஊரில் கட்டணத்துக்குப் பார்க்க ஒரு டாக்டர்கூட மிஞ்ச மாட்டார் போல என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்தேன். ‘நம்ம பெற்றோர்தான் காரணம், டாக்டர் இல்லையென்றால் லாயர்’ என்று வழக்கமான பழியையும் போட்டேன். அவளுடைய கட்டுரையும் மருத்துவர்தான். அதற்கும் நல்ல மதிப்பெண்தான்.

சிலிகி சாலைப் பக்கம் ஷார்ட் ஸ்திரீட் என்று ஒரு குட்டித் தெரு உண்டு. சனிக்கிழமை தேக்காவுக்குப் போகும்போது சில சமயம் அந்த வழியாக நடப்பேன். 1887-இல் சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலிய மிஷனரி அங்கே ஒரு கடைவீட்டில் ஒன்பது இந்தியப் பெண்பிள்ளைகளை வைத்துப் பள்ளி தொடங்கினார். அதன் பெயரே தமிழ்ப் பெண்கள் பள்ளி. பிற்பாடு அதுதான் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி ஆனது. நான் வேலை பார்ப்பது அங்கே இல்லை. ஆனாலும் அந்த ஒன்பது பேரைப் பற்றி அடிக்கடி யோசிப்பேன். பெரியவளாகி என்ன ஆகப்போகிறாய் என்று அவர்களிடம் யாராவது கேட்டிருப்பார்களா? கேட்டிருந்தால், பதிலுக்கு அவர்களிடம் எத்தனை சொல் இருந்திருக்கும்? என் பதினோரு பேரிடம் நாலு சொல் இருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பட்டனை அமுக்குங்க பாட்டி

செப்டம்பர் விடுமுறைக்குப் பிறகு ஒரு நாள், மழை. இணைப்பாட நடவடிக்கை ரத்தாகிவிட்டது. பயிற்சி அறையில் அவள் தனியாக வந்து உட்கார்ந்தாள். ஆலோசகரிடம் ஏற்கெனவே பேசியிருந்தேன். துருவிக் கேட்காதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள், சாதாரணமாகப் பேசுங்கள் என்றார். சாதாரணமாகப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. மடிக்கணினியை மூடினேன். மதிப்பெண் தாளைத் திருப்பி வைத்தேன். வேறு எதுவும் தோன்றாமல், “நேற்று ராத்திரி என்னம்மா சாப்பிட்டே?” என்று கேட்டேன்.

அதற்குத் தயாரித்த பதில் அவளிடம் இல்லை. ரொம்ப நேரம் மூடிய கணினியையே பார்த்தாள். “மேகி.” அப்புறம், “அம்மா நைட் ஷிஃப்ட். நானே போட்டேன்.” இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “முன்னாடி பாட்டி இருந்தாங்க. பாட்டி இருந்தா ரசம் வெப்பாங்க. வேணாம்னாலும் வெப்பாங்க.” பாட்டி மார்ச் மாதம் தவறிவிட்டார். எனக்குத் தெரியும், மூன்று நாள் விடுப்புக் கடிதம் என் கைக்கும் வந்தது. ஆழ்ந்த இரங்கல் என்று ஒரு செய்தியும் அனுப்பினேன். “இப்ப வீட்டுல தமிழ் பேச ஆளில்ல டீச்சர்” என்றாள். அழவில்லை. ஒரு தகவல் மாதிரிதான் சொன்னாள்.

அவளுக்கும் தமிழில் மனம்விட்டுப் பேச ஓர் ஆள் இருந்திருக்கிறது. அந்த ஆள் போனதோடு அந்தத் தமிழும் போய்விட்டது. மிச்சமிருந்தது நான் கொடுத்த தமிழ்தான்.

பாட்டிக்குக் காது சரியாகக் கேட்காதாம். விடுமுறை நாட்களில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது இவள்தான். கனமான கதவு போட்ட ஒரு சின்ன அறை, உள்ளே பாட்டி தலையில் பெரிய ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருப்பார், கையில் ஒரு பட்டன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சீனப் பெண் விசையைத் திருகித் திருகிச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவார். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் இவள்தான் மொழிபெயர்ப்பு. “சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க பாட்டி, மெதுவா கேட்டாலும் அமுக்குங்க.” பாட்டி சத்தமே இல்லாதபோதும் அமுக்குவாராம், பேத்திக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. இதைச் சொல்லும்போது சிரித்தாள். பல்லைக் காட்டி அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் ஒருநாள் இவளையே அறைக்குள் உட்காரவைத்து சோதித்துக் காட்டினாராம், வரைபடத்தை எப்படிப் படிப்பது என்றும் சொல்லிக்கொடுத்தாராம். “அந்த வேலை நல்லாருக்கும்ல டீச்சர்?”

“அப்படியென்றால் கட்டுரையில் ஏன் மருத்துவர் என்று எழுதினாய்?”

“அதுக்குத் தமிழ்ல என்னன்னு தெரியலயே.”

எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் கைப்பேசியில் தேடினோம். செவித்திறன் வல்லுநர் என்றது ஓரிடம், கேட்பியலாளர் என்றது இன்னோரிடம். “இது ரேடியோ கேக்கறவங்க மாதிரி இருக்கு” என்றாள். பெற்றோரைப் பழி சொன்னேனே, அந்த ஆறு மருத்துவர்களில் எத்தனை பேர் நிஜ மருத்துவர், எத்தனை பேர் சொல் கிடைக்காதவர்கள் என்று அன்று ராத்திரி கட்டுரைகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அடுத்த வாரம் பதினோரு பேரிடமும், தமிழில் பெயர் தெரியாத ஒரு வேலையைத் தமிழில் விவரித்துக் காட்டுங்கள் என்றேன். சினிமாவில் காலடிச் சத்தம் செய்பவர், சாங்கியில் விமானத்தைக் கைகாட்டி நிறுத்துபவர், குரங்குகளை எண்ணும் வேலை, நாய்க்குப் பயிற்சி கொடுப்பது என்று வந்தது. ஒருத்தி மட்டும், “எனக்கு இன்னும் ஒன்னும் தோணல, தோணாம இருந்தா பரவாயில்லையா?” என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அவளிடமே சொல்லிவிட்டு, ஆலோசகரிடம் போனேன். சாப்பாடு, தூக்கம், பாட்டியின் சாவு மூன்றும் ஒரே கதை என்று அவருக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். அம்மாவின் பணிநேரம் பற்றி அம்மாவோடு பேசினார்கள். கல்வி, தொழில் வழிகாட்டி ஆலோசகர், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறைக்கு முதுகலைப் படிப்பே இருக்கிறது, இப்போது அறிவியலை விடாமல் இருந்தால் போதும் என்றார். இதில் என் பங்கு ரொம்பச் சின்னது. மேகி பற்றிக் கேட்டது மட்டும்தான். உடனே எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. நவம்பர் வரைக்கும் நூலக அலமாரிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள், ஆனால் கையில் பனானா மஃபினோடு.

ஜனவரியில் மறுபடி பயிற்சி. உயர்நிலை மூன்று. காணொளி முதியோர் பற்றியது. அவள் பாதி வாக்கியத்தில் நின்றாள், ‘அது வந்து’ என்று நாலு முறை சொன்னாள், ‘பாட்டிக்குக் கேக்காதுல்ல, அதனால நாங்க எல்லாரும் கத்திக் கத்தி, அப்புறம் எங்களுக்கே கத்துற பழக்கம் ஆயிருச்சு’ என்று எங்கேயோ போய், முடிக்கத் தெரியாமல் நிறுத்தினாள். பழமொழி இல்லை. தீர்வு இல்லை. நான் கட்டங்களை வரிசையாகப் பார்த்து நேர்மையாகப் போட்டேன்.

“எவ்வளவு டீச்சர்?”

“பன்னிரண்டு.”

தாளை எட்டிப் பார்த்தாள். சரளம் என்ற கட்டத்தில் நான் போட்டிருந்த இரண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“கடைசில சுவர், சித்திரம் போட்டிருந்தா பதினஞ்சு வந்திருக்கும்ல?” என்று கேட்டுவிட்டு, நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்துத் தள்ளிவிட்டுப் போனாள்.